என் பெயரில் அவள் எழுதிய மேகம்

பார்வை முழுதாகப் போன பிறகு எனக்கென்று மிச்சமிருந்த பெருமை மழைதான். வேலந்தாவளம் சந்தைக்குப் பக்கத்தில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறேன். மேற்கிலிருந்து வரும் காற்றைக் கன்னத்தில் வாங்கி, கடையின் தகரக்கூரை எழுப்பும் சத்தத்தைக் கேட்டு, இன்று மழை உண்டா இல்லையா என்று இணையத்தில் எழுதுவேன். மழையைப் பற்றி மட்டுமே பேசுகிற தமிழ்க் குழு அது. துபாயில் இருப்பவர்கள்கூட, “வேலந்தாவளத்துக்காரர் என்ன சொல்கிறார்?” என்று கேட்பார்கள்.

அந்தக் குழு இருந்த தளத்தின் சொந்தச் செயலியை நான் பயன்படுத்தியதில்லை. வெளியாள் ஒருவர் செய்த சின்னச் செயலி இருந்தது. அதில் வருவதையெல்லாம் என் போன் வரி விடாமல் வாசித்துச் சொல்லும். ஒரு கோடையில் தளத்துக்காரர்கள் வெளிச் செயலிகள் எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்திவிட்டார்கள். அவர்களுடையதை இறக்கிப் பார்த்தேன். எங்கே தொட்டாலும் “பட்டன், பட்டன்” என்றது போன். எதற்கான பட்டன் என்று சொல்லவில்லை.

“இதுக்குப் போயி ஏனுங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? நான் படிச்சுச் சொல்றனுங்க” என்றாள் மனைவி. வீட்டில் ரவிக்கை தைக்கிறவள். காலையில் மெஷினில் உட்காருவதற்கு முன் குழுவில் வந்ததைப் படித்துக் காட்டுவாள். நான் சொல்லச் சொல்ல, தன் போனிலிருந்து என் கணக்கிலேயே எழுதிப் போடுவாள்.

ஒருநாள், காற்றில் ஈரம் இருக்கிறது, மத்தியானத்துக்குள் தூறும் என்று சொன்னேன். சாயங்காலம் பதில்களைப் படிக்கும்போது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்குத் தெரியாமல் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: ‘நான் அவர் வீட்டுக்காரிங்க. வாளையார் மலை மேல மேகம் ஈர இட்லித்துணியாட்டம் கெடக்குதுங்க.’

பதில்கள் அத்தனையும் அந்த இட்லித்துணிக்குத்தான். தூறல் பெய்ததா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும், “அக்கா, இன்னைக்கு மேகம் எப்படி?” என்றுதான் கேட்டார்கள். சமையலறையிலிருந்து அவள் தனியாகச் சிரிக்கும் சத்தம் கேட்கும்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்லீங்க. குழுவுல ஒருத்தரு ஏதோ எழுதியிருக்காரு.”

அந்த ‘ஒண்ணுமில்லீங்க’ என்னைத் தின்றது. எத்தனையோ வருடமாக நான் உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். அதுவும் என் பெயரிலேயே. அவள் கண்ணால்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன், அந்தக் கண்ணை நினைத்தே எனக்கு வயிறெரிந்தது. அவளுக்கு மேகம் தெரிகிறது. எனக்குக் காற்று மட்டும்தான்.

அந்தச் சமயத்தில் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து நண்பர் ஒருவர் கூப்பிட்டார். அவருக்கும் பார்வை கிடையாது, குழுவில்தான் பழக்கம்.

“அண்ணாச்சி, வேற ஒரு ஆப் இருக்கு. எல்லாத்தையும் தெளிவா வாசிக்குது. நம்ம ஆளுக கொஞ்சப் பேரு அங்கன வந்துட்டாக. நீங்களும் வாங்க.”

மனைவியிடம் சொல்லாமலே போய்ச் சேர்ந்தேன். என் விரலாலேயே எழுதினேன். போன் அதைத் திரும்ப வாசித்தபோது நெஞ்சு நிறைந்தது. முதல் பதில் வந்தது: “வாங்க வாங்க! அக்கா வரலையா?”

பதில் போடாமல் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

விஷயம் வீட்டுக்கு வர நாளாகவில்லை. பழைய இடத்தில் யாரோ அவளிடமே கேட்டுவிட்டார்கள். தையல் மெஷின் சத்தம் நின்றது.

“ஏனுங்க, நீங்க வேற எடத்துக்குப் போயிட்டீங்களாமா?”

“ஆமா. அங்க நானே படிச்சுக்கலாம். உனக்கெதுக்குத் தொந்தரவுன்னுதான்...”

“தொந்தரவுன்னு நான் சொன்னனுங்களா?”

அவளே தொடர்ந்தாள்: “நீங்க நிறுத்தச் சொன்னாலும் நான் நிறுத்த மாட்டனுங்க. பள்ளிக்கூடம் விட்டதுக்கப்புறம் நான் எழுதி ஒருத்தரு படிச்சது இதுதான் மொதத் தடவ.”

அவள் குரல் உயரவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

மறுநாள் காலையில், “உன் போனக் கொண்டா புள்ள” என்றேன். எதை அழுத்த வேண்டும் என்று நான் சொல்ல, அவள் அழுத்த, புதுச் செயலியை இறக்கினோம். அவளுக்கென்று தனிக் கணக்கு, அவள் பெயரிலேயே. புது இடத்துக் குழு அன்று முழுக்க அவளை வரவேற்றுக்கொண்டிருந்தது. நான் எழுதிய காற்று அந்த வரவேற்புக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது.

பொறாமை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கடையில் பருத்திக்கொட்டை அளந்துகொண்டிருக்கும்போதே போன் அவள் எழுதியதை வாசிக்கும். எனக்கு வாய்க்காத வார்த்தை ஒன்று அதில் இருக்கும். வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு, அதை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்பேன்.