மூச்சுக்குழாயில் மடு மண்

அடம்பனில் வயற்காவலுக்குப் படுத்திருந்த என் தம்பியைப் பாம்பு கடித்தது. உடம்பு முழுவதும் செயலிழந்ததால், வைத்தியசாலையில் தொண்டைக்குள் குழாய் வைத்து இயந்திரத்தால் மூச்சுக் கொடுத்தார்கள். சளி எடுக்கும்போதும் அந்தக் குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றுவதில்லை. கண்ணாடிபோன்ற உறைக்குள் இருக்கும் இன்னொரு மெல்லிய குழாயைத் தாதி உள்ளே செலுத்தி உறிஞ்சுவார்.

மடு மாதா கோவில் மண் விஷத்தை முறிக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. தாதி அப்பால் போனதும், அதைத் தண்ணீரில் கரைத்துத் தம்பியின் வாயில் விட்டேன்.

அடுத்தமுறை சளி மண்ணிறமாக வந்தது.

"அக்கா, என்ன குடுத்தனீங்கள்?"

"மாதான்ர மண், மிஸ். கொஞ்சம்தான்."

"உள்ள கிருமி போகாமல் இருக்கத்தானே குழாயைக் கழட்டாமல் சளி எடுக்கிறம்! அவருக்கு விழுங்கேலாது. எல்லாம் நெஞ்சுக்குள்ள போயிட்டுது."

காய்ச்சல் ஏறியது. நுரையீரல் பழுதாகி, விஷம் இறங்கிய பின்பும் பல நாட்கள் இயந்திரத்திலேயே கிடந்தான்.

பிழைத்து வந்தவனிடம் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும் அக்கா. எனக்கு நினைவு இருந்தது. வாயில மண் கரகரத்தது. துப்பேலாமல் கிடந்தனான்."

இப்போது எந்த நோயாளிக்கும், தாதியைக் கேட்காமல் ஒரு சொட்டுத் தண்ணீரும் நான் கொடுப்பதில்லை.