பகலில் ஏற்றிய விளக்கு

அந்த வருஷம் மழைக்கு முன்னால் எங்கள் வீட்டை விற்றாக வேண்டியிருந்தது. என் மனைவிக்கு இழுப்பு நோய். வாரத்துக்கு இரண்டு ஊசி என்று போளூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மழை பிடித்தால் மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்கு ஜீப் வராது. மூச்சு முட்டுகிறவளைத் தூக்கிக்கொண்டு எத்தனை தூரம் இறங்குவது? வீடு விலைபோனால்தான் போளூரில் குடியேற முடியும்.

இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனார்கள். ஏன் வேண்டாம் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. என் சுபாவம் அப்படி.

மனைவியின் தம்பி காவலூரில் ஆபீசர் குவார்ட்டர்ஸ் கட்டும் கொத்தனாரிடம் சித்தாளாக இருந்தான். அவன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தான்.

"இன்னா மாமா இது, செவுரெல்லாம் கரி. மூலையில கட்டிலு, அதுமேல எங்கக்கா. சீக்காளி வூடுன்னா எவன் வாங்குவான்? அங்க ஆபீசருங்க வூட்டப் பாரு, பளிச்சுன்னு கீது."

"என்னயும் சேத்து வெள்ள அடிச்சிடேன்டா" என்றாள் கட்டிலில் கிடந்தவள்.

மறுநாளே சுண்ணாம்பு மூட்டையோடு வந்துவிட்டான். சுண்ணாம்பு நெடி ஆகாது என்று அவளைப் பக்கத்து வீட்டில் விட்டோம். சுவர் காய்ந்த பிறகும், ஆள் வந்து பார்த்துப் போகும்வரை அங்கேயே இருக்கட்டும் என்றான். அவள் புடவை, கஞ்சிச் சொம்பு, மருந்து பாட்டில் எல்லாம் அவளோடு போயின. கட்டிலை நான் வெளியே எடுத்துப் பலாமரத்தில் நிமிர்த்தி வைத்தேன். அது கிடந்த இடத்தைச் சாணத்தால் மெழுகினோம். ஜன்னல் இல்லாத அறை இருட்டாக இருந்ததால், மெழுகிய இடத்தில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தான் மச்சான். நான் வாசலில் நின்று பார்த்தேன். என் வீடு மாதிரியே இல்லை. "நல்லாத்தான் கீது" என்றேன்.

வெயில் ஏறும் நேரம். மகனைத் தனிக்குடித்தனம் வைக்க வீடு தேடிய ஒருவர், பக்கத்து ஊரிலிருந்து சம்சாரத்தோடு வந்தார். அந்த அம்மாள் சந்தையில் என் மனைவியோடு பேசிப் பழகியவள். முன்னால் வந்தவள் கட்டிலைப் பார்த்து நின்றாள். அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ என் தாயே! சந்தையில சாம அளந்துகினு சிரிச்சியே, ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டியே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் பொங்கலுக்குச் செம்மண்தான் பூசுவோம். நடு வருஷத்தில் சுண்ணாம்பு அடிப்பது சாவு விழுந்த வீட்டில்தான். செத்தவர் கட்டிலை வெளியே மரத்தில் நிமிர்த்தி வைப்போம். படுத்திருந்த இடத்தை மெழுகிப் பகலிலும் விளக்கு எரியவிடுவோம். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? என் கையால்தானே செய்தேன்.

அந்த அம்மாளின் புருஷன் தோள்துண்டை இடுப்பில் இறக்கி, என் கையைப் பிடித்தார். "எப்ப ஆச்சுப்பா? சொல்லி அனுப்பக் கூடாதா?" எனக்குச் சத்தமே வரவில்லை. துக்கம் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு என் மனைவி வந்தாள். "இன்னாமே, யாருக்கு இப்புடி அழுவுற?"

அந்த அம்மாள் வீறிட்டுப் புருஷன் பின்னால் ஓடினாள். மனைவி விளக்கைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள இன்னாய்யா அவசரம் உனக்கு?"

சிரித்தாள். சிரிப்பு இழுப்பாக மாறியது. நான் கட்டிலை எடுக்க ஓடினேன். மச்சான் விளக்கை வாயால் ஊதி அணைத்தான். அழுத அம்மாளே வந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "சீக்கு யாருக்குத்தான் வரல? அதப் போய் மறைப்பாங்களா?"

புருஷன் சொன்னார்: "ஒப்பாரி வச்ச நாள்ல வூடு பேசறது நல்லால்ல. எல்லாத்தையும் இருந்த எடத்துல வையி. எட்டு நாள் கழிச்சு வர்றோம்."

சொன்னபடி வந்தார்கள். புதுச் சுண்ணாம்பில் அதற்குள் அடுப்புப் புகை ஏறியிருந்தது. அவர் சுவரைப் பார்க்கவில்லை. கூரை வாரைகளைத் தட்டிப் பார்த்தார், விலை பேசி முடித்தார். மழைக்கு முன்னால் போளூருக்கு இறங்கிவிட்டோம்.

போன மாதம் இங்கே பக்கத்து வீட்டுக்காரர், "வீட்ட விக்கலாம்னு இருக்கேன், வெள்ள அடிச்சா நல்ல விலைக்குப் போகுமா?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"தாராளமா அடிங்க. வூட்டுக்காரம்மா கட்டில மட்டும் வெளிய நிறுத்தாதீங்க."

அவர் புரியாமல் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். 'நல்லாத்தான் கீது' என்று அன்று நான் சொன்னது அவளுக்கு இன்னும் தெரியாது.