தொன்னை அளவு விருந்து

திருச்சி புத்தூரில் ஒரு பயண நிறுவனத்தின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அமர்ந்து, ஃபெமினா பல ஆண்டுகள் விமான டிக்கெட் பதிவு செய்துவந்தார். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று எத்தனையோ பேரை அனுப்பிவைத்த அவர், தாம் விமானம் ஏறியது ஒரே ஒரு முறைதான். திருச்சியிலிருந்து வியட்நாமுக்கு நேரடி விமானம் வந்த புதிதில், டிக்கெட் முகவர்களுக்கென்று ஓர் அறிமுகப் பயணம் ஏற்பாடாயிற்று. நிறுவன உரிமையாளர் ரெங்கராஜுக்கு அந்த வாரம் முழங்கால் வீங்கிவிட்டது. தமக்குப் பதிலாக ஃபெமினாவை அனுப்பினார்.

ஹோ சி மின் நகரத்தை அங்கே உள்ளவர்கள் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே ஒரு மாலை, விடுதி வாசலில் இளம் பெண்கள் ஸ்கூட்டர்களில் வந்து நின்றார்கள். ஆளுக்கு ஒரு விருந்தினரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சந்து சந்தாகப் புகுந்தார்கள். முழங்கால் உயரமே உள்ள பிளாஸ்டிக் முக்காலிகளில் அமரவைத்தார்கள். நடுவில் ஒரே தட்டு வரும். சுற்றி அமர்ந்த நான்கு பேரும் அதிலிருந்து ஆளுக்கு ஒரு வாய் எடுப்பார்கள். எழுந்து அடுத்த கடைக்குப் போவார்கள். ஃபெமினாவை ஏற்றிச் சென்ற பெண்ணின் பெயர் லான். எந்தக் கடைக்குப் போனாலும் அடுப்படியிலிருந்து ஒருவர் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார். அந்த ஊரின் மாலைப்பொழுது முழுவதும் அந்தப் பெண்ணுக்குச் சொந்தமானது போலத் தோன்றியது. தின்ற பண்டங்களின் பெயர்களைத் திரும்பும்போதே மறந்துவிட்ட ஃபெமினாவுக்கு, லானின் முகம் மட்டும் மறக்கவில்லை.

திருச்சிக்கு வருபவர்களைத் தாமும் இப்படிக் கடை கடையாக அழைத்துப்போக வேண்டும் என்ற எண்ணத்தை மேலப்புதூர் வீட்டில் முதலில் வெளியிட்டபோது, கணவர் ஜெபராஜும் அவருடைய தங்கை சுஜாவும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெபராஜ் பொன்மலை ரயில் பணிமனையில் வேலை செய்பவர், எதற்கும் அவசரப்படாதவர். சுஜா அப்படியல்ல.

“ஏன் அண்ணி, பரோட்டாக் கடை எங்க இருக்குன்னு காட்டறதுக்கு ஒரு ஆளா? மூக்கைக் காட்டுனா அதுவே இழுத்துக்கிட்டுப் போயிடுமே!”

“உன் மூக்கு உனக்கு வழி காட்டும். சைகோன்லேர்ந்து வர்றவங்களுக்கு யாரு மூக்கைக் கடன் குடுக்கறது?”

“ரெண்டு பேரும் மூக்கை விட்டுட்டு டீயைக் குடிங்க, ஆறுது” என்றார் ஜெபராஜ். பிறகு மனைவியைப் பார்த்து, “உனக்கு இது புடிச்சிருக்குன்னா செஞ்சு பாரு” என்று மட்டும் சொன்னார்.

அதற்கான வாய்ப்பு லானிடமிருந்தே வந்தது. அவர் பணிபுரியும் நிறுவனம் வியட்நாமியப் பயணிகளைத் திருச்சிக்கு அழைத்துவர எண்ணியது. முன்னோட்டமாக, லானே நான்கு பயணிகளுடன் வருவதாக ரெங்கராஜுக்குத் தகவல் அனுப்பினார். பகலில் கோயில்களைக் காட்டுவதற்கு ஆள் இருந்தது. மாலைப்பொழுதை ஃபெமினா கேட்டு வாங்கிக்கொண்டார். ரெங்கராஜ் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

“இங்க பாருங்க ஃபெமினா. அந்தப் பொண்ணுக்குப் புடிச்சிருந்தா, மாசா மாசம் அவங்க ஆளுங்க உங்க பொறுப்பு. புடிக்கலைன்னா இந்தப் பேச்சை விட்டுட்டு கவுண்டர்ல வந்து உட்காருங்க. ரெண்டு படகுலயும் கால் வைக்க நான் விடமாட்டேன்.”

“ஒரு சாயங்காலம் போதும் சார்” என்றார் ஃபெமினா.

அந்தத் துணிவுக்குக் காரணம் இருந்தது. அவருடைய தந்தை செபஸ்தியான், ஜங்ஷனுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே ஓடும் ஒன்றாம் நம்பர் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். அந்த வழித்தடத்தின் நிறுத்தங்களைச் சிறுமி ஃபெமினா கடைகளைக் கொண்டே அறிந்துவைத்திருந்தார். அவற்றுள் ஐந்து கடைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரில் சென்று பேசினார்.

முதற்கடை ஸ்ரீரங்கம் அடையவளைஞ்சான் தெருவில் ரெங்கம்மாள் மாலையில் மட்டும் நடத்தும் அடைக்கடை. சைகோன் முறைப்படி நடுவில் ஒரே இலை வைத்து ஐவரும் பகிர்ந்து உண்ணட்டும் என்று ஃபெமினா சொன்னதும், ரெங்கம்மாள் தோசைத் திருப்பியை ஓங்காத குறைதான்.

“ஒரே இலையில அஞ்சு பேரா? ஒருத்தர் எச்சிலை ஒருத்தர் சாப்பிடறதுக்கா அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றாங்க? அப்படிப் போட்டேன்னு தெரிஞ்சா இந்தத் தெருவுல என் மானம் போயிடும்.”

“சரிம்மா, தனித்தனி இலையே போடுங்க. ஆனா ஆளுக்குக் கால் அடை போதும். இன்னும் நாலு கடை இருக்கு.”

“கால் அடைதானே? வச்சுடறேன், நீ போ கண்ணு.”

மற்ற நான்கு கடைக்காரர்களும் அவ்வாறே தலையசைத்தார்கள். ஃபெமினா செய்த பிழை, அந்தத் தலையசைப்பை நம்பியதுதான். திருச்சிக்காரர் ஒருவர் விருந்தாளிக்குக் குறைத்துப் பரிமாறுவதாக ஒப்புக்கொள்வது வாயளவில்தான். கை அதற்கு உடன்படாது. தாமும் அதே ஊரில் பிறந்தவர் என்பதால், இதை அவர் யோசிக்கவே இல்லை.

குறித்த நாளில் லானும் அவர் அழைத்துவந்த நால்வரும் ரெங்கம்மாள் கடையின் பெஞ்சில் அமர்ந்தார்கள். நால்வரில் இருவர் தோழியர்; ஒருவர் பள்ளி ஆசிரியை; மற்றொருவர் வெள்ளை மீசை வைத்த பெரியவர். அகன்ற தலைவாழை இலைகள் விரிக்கப்பட்டன. ரெங்கம்மாள் சொன்ன சொல் தவறாமல் ஒவ்வோர் இலையிலும் கால் அடையை வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு பெரிய பச்சை இலையில் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் துண்டு, அவர் கண்ணுக்கே பொறுக்கவில்லை. கல்லிலிருந்த முழு அடைகளை எடுத்து வைத்தார். வெண்ணெய் வைத்தார். வெல்லம் வைத்தார். அவியலை ஊற்றினார்.

வந்தவர்களோ, தட்டில் மிச்சம் வைத்தால் சமைத்தவர் மனம் வருந்தும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். கடைசித் துணுக்குவரை உண்டார்கள். இலை காலியானதும் அடுத்த அடை வந்து விழுந்தது. இத்தகைய நெருக்கடிக்கென்றே ‘போதும்’ என்ற சொல்லை ஃபெமினா அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். மீசைக்காரப் பெரியவர் கைகூப்பி, அழகாக, “போதும்” என்றார்.

“அடி ஆத்தி! தமிழ் பேசறாரு பாரேன்!” என்று மகிழ்ந்துபோன ரெங்கம்மாள், அவருக்கு இன்னுமோர் அடையை வைத்தார்.

ஃபெமினா இலையை மடிக்கும்படி அவசரமாகச் சைகை காட்டினார். ஐவரும் மடித்தார்கள். மடித்த இலையில் எவரும் பரிமாற முடியாதல்லவா? ரெங்கம்மாளும் பரிமாறவில்லை.

“சரி, மடிச்சிட்டாங்க. மீதியைப் பார்சல் கட்டித் தரேன். ரூமுக்குப் போனா பசிக்கும்ல?”

இரண்டாம் கடை அம்மா மண்டபம் சாலையில் பிச்சமுத்துவின் பணியாரத் தள்ளுவண்டி. அங்கே இவர்கள் போய்ச் சேரும் முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

“ரெங்கம்மாக்கா போன் பண்ணுச்சுங்க. நல்லா சாப்பிடறவங்களாம்ல? அது அடை போட்டு அனுப்பிச்சிட்டு, நான் ரெண்டு பணியாரத்தோட நிறுத்துனா நல்லாவா இருக்கும்?” என்ற பிச்சமுத்து, ஆளுக்கு ஒரு தட்டு நிறைய வைத்தார். காரப் பணியாரம் தனி. இனிப்புப் பணியாரம் தனி.

அதன்பின் காவிரிக்கரை அம்மா மண்டபப் படித்துறையில் ஐவரும் அமர்ந்த விதத்தைப் பார்த்தால், இனி எழுவார்கள் என்று நம்ப இடமில்லை. தோழியர் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள். பெரியவர் இடுப்பு வாரை இரண்டு துளை தளர்த்திக்கொண்டார். லான் ஆற்றைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் கேட்டார்:

“இன்னும் எத்தனை கடைகள்?”

“மூன்று.”

லான் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரும் இதே தொழிலில் இருப்பவர். இரண்டாம் கடையோடு வயிறு நிறைந்துவிட்ட ஒரு பயணத்துக்கு என்ன பெயர் என்பது அவருக்குத் தெரியும். ஃபெமினாவின் கண்முன் புத்தூர் கண்ணாடித் தடுப்பு வந்து நின்றது.

அப்போது படித்துறையை ஒட்டிய சிறு கோயிலில் பூசை முடிந்து, ஒருவர் வாளியும் கரண்டியுமாக வெளியே வந்தார். படியில் அமர்ந்திருந்தவர்களுக்கெல்லாம் வரிசையாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டே வந்தார். காய்ந்த இலையில் கிண்ணம் போலத் தைத்த சிறு தொன்னை, அதில் ஒரு கரண்டி, அவ்வளவுதான். வெளிநாட்டவர் என்று அவர் வேறுபாடு காட்டவில்லை. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்கவும் இல்லை. அடுத்தவரிடம் போய்விட்டார். ஒரு வாய்கூட இனி இறங்காது என்றிருந்த ஐவரும் தொன்னையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்கள். நெய் வாசனை. முந்திரியைத் தேடி எடுத்துத் தின்றார்கள். பெரியவர் தொன்னையை விரலால் வழித்தார்.

ஃபெமினா எழுந்து நின்றுவிட்டார். இந்த ஊரில் கொஞ்சமாகக் கொடுக்க எவரும் கூசாத பண்டம் பிரசாதம் ஒன்றே. கொஞ்சமாக வாங்கிக்கொள்ள எவரும் குறைப்படாததும் அதுவே. குற்றம் ரெங்கம்மாள் கையில் இல்லை. இலையின் அகலத்தில் இருந்தது. பெரிய இலை நிறைந்தாக வேண்டும். தொன்னையோ ஒரு கரண்டியிலேயே நிறைந்துவிடுகிறது.

எதிரில் வேலம்மாள் என்ற அம்மையார் நடத்தும் பூசைப்பொருள் கடைக்கு ஓடினார்.

“ஒரு கட்டு தொன்னை குடுங்கம்மா.”

“ஆத்துல விளக்கு விடவா கண்ணு? திரியும் நெய்யும் சேர்த்துத் தரட்டுமா?”

“வேணாம்மா. பரோட்டா போடறதுக்கு.”

வேலம்மாள் தொன்னைக் கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஃபெமினாவை மேலும் கீழுமாகப் பார்த்தார். “எதுக்குன்ன?”

“அப்புறமா சொல்றேம்மா, குடுங்க!”

பேருந்தில் ஏறுவதாக இருந்த திட்டத்தை ஃபெமினா கைவிட்டார். உண்டது செரிக்க வேண்டும் என்றால் காவிரிப் பாலத்தை நடந்தே கடக்க வேண்டும். மாம்பழச் சாலை வழியாக ஐவரையும் பாலத்துக்கு அழைத்துச் சென்றார். மாலைக் காற்றுக்கென்றே வந்தவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்கள். ஒரு குடும்பம் கேக் வெட்டிக் குழந்தையின் பிறந்தநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. ஆசிரியையின் மூக்கிலும் கொஞ்சம் கிரீம் பூசிவிட்டார்கள். தொலைவில் ரயில் பாலத்தில் ஒரு ரயில் விளக்குச் சரமாகக் கடந்தது. மலைக்கோட்டை உச்சியில் வெளிச்சம் தெரிந்தது. பாலத்தின் நடுவில் லான் முதன்முறையாகச் சிரித்தார். பாலம் முடிவதற்குள், “அடுத்த கடையில் என்ன?” என்று பெரியவரே கேட்டுவிட்டார்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே வீரமலையின் பரோட்டாக் கடை. அவர் முன்னால் ஃபெமினா ஐந்து தொன்னைகளை வரிசையாக வைத்தார். வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று தமக்கும் சேர்த்து ஆறாவது ஒன்றையும் வைத்தார்.

“என்னக்கா இது? என் கடை என்ன கோயிலா? பரோட்டா பிரசாதமா?”

“ஆமாண்ணே. இன்னிக்கு நீங்கதான் ஐயர். ரெண்டு பரோட்டாவைக் கொத்தி ஆறு தொன்னைக்கும் பங்கு போடுங்க.”

“போட்டா அசிங்கமா இருக்குமேக்கா.”

“போட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.”

வீரமலை கல்லில் பரோட்டாவைப் போட்டு, இரு கைகளிலும் தகடுகளைப் பிடித்துக் கொத்தத் தொடங்கினார். அந்தத் தாளத்துக்குத் தோழியர் இருவரும் தோள்களை ஆட்டினார்கள். பெரியவர் தாமும் கொத்திப் பார்க்க வேண்டும் என்றார். வீரமலை தகடுகளைக் கொடுத்தார். பெரியவர் கொத்திய கொத்தில் பாதி பரோட்டா தெருவுக்குப் போயிற்று.

“பரவால்ல பெருசு, காக்காய்க்கும் வேணும்ல” என்றார் வீரமலை. மிஞ்சியதைத் தொன்னைகளில் நிரப்பினார். ஒவ்வொன்றும் கோபுரம் போல நிறைந்து நின்றது. மேலே இன்னொரு கரண்டி வைக்கக் கையைக் கொண்டுபோனார், இடமில்லை. தொன்னையைப் பார்த்தார், ஃபெமினாவைப் பார்த்தார். “இதுக்கு மேல நிக்காதுக்கா” என்று தோல்வியை ஒப்புக்கொள்பவர் போலச் சொன்னார்.

நான்காம் கடையில் சுண்டலும் தொன்னையில் ஏறியது. அங்கே எவரும் முனகவில்லை. இறுதியாகத் தெப்பக்குளத்துக்கு அருகே பால்கடை. பித்தளை டம்ளரில் மஞ்சள் நிறப் பாலை ஆற்றிக் கொடுத்தார்கள். குளத்து நீரில் மலைக்கோட்டை விளக்குகள் ஆடிக்கொண்டிருந்தன. லான் ஃபெமினாவைச் சற்றுத் தள்ளி அழைத்துச் சென்றார்.

“முதல் இரண்டு கடைகளில் எங்களைக் கொன்றுவிட்டாய்” என்றார்.

“தெரியும்.”

“நான் முதன்முதலில் நடத்திய பயணத்தில், மழையில் ஒரு விருந்தினரைச் சாக்கடையில் விழவைத்தேன். அவர் எழுந்து வந்து என்னைத் திட்டியபோது நான் அழுதுவிட்டேன். நீ ஓடிப்போய் ஒரு கட்டுத் தொன்னை வாங்கிக்கொண்டு வந்தாய்.” லான் பாலை ஒரு மிடறு குடித்தார். “அந்த அடைக்கார அம்மாவை மட்டும் எந்தத் தொன்னையாலும் உன்னால் கட்டுப்படுத்த முடியாது. அவரைப் பயணத்தின் கடைசிக்கு மாற்று.”

மறுநாள் காலை ரெங்கராஜ் ஃபெமினாவைத் தம் அறைக்கு அழைத்தார். “மாசா மாசம் ஆள் அனுப்பறாங்களாம். தெப்பக்குளத்துல ஆரம்பிச்சு ஸ்ரீரங்கத்துல முடிக்கணும்னு ஒரு கண்டிஷனாம். எனக்கு ஒண்ணும் புரியலை, உங்களுக்குப் புரியுதா?”

“புரியுது சார்.”

“அப்போ கவுண்டருக்கு நம்ம கணக்கு பாக்கற வேணியைப் போட்டுக்கறேன். சாவியை அவங்ககிட்ட குடுத்துடுங்க.”

சாவியைக் கொடுத்துவிட்டு ஃபெமினா நேரே ஸ்ரீரங்கம் போனார். கடினமான வேலை அங்கேதான் இருந்தது. ரெங்கம்மாள் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

“கடைசியாவா? கண்டதையும் தின்னுட்டு, பசி அடங்கினதுக்கு அப்புறம் என் கடைக்கா?”

“பாலத்தை நடந்து கடந்து வருவாங்கம்மா, பசியோடதான் வருவாங்க. உங்க கடைக்கு அப்புறம் வேற கடை கிடையாது. எழுந்திருங்கன்னு நானும் சொல்லமாட்டேன். உங்க இஷ்டத்துக்குப் போடுங்க.”

ரெங்கம்மாள் கையை மாவிலிருந்து எடுக்காமல் யோசித்தார்.

“ஏதோ தொன்னையாமே? வீரமலை சொன்னான்.”

“உங்களுக்குத் தொன்னை கிடையாது. இலைதான்.”

“முழு இலையா?”

“முழு இலை.”

“அப்போ வரச் சொல்லு” என்று ரெங்கம்மாள் மாவில் இன்னும் ஒரு பிடி அரிந்த வெங்காயத்தைப் போட்டார்.