வெடிக்கு முன் மூடும் கண்

கண்டியில், பஸ் ஹோர்ன்களுக்கு நடுவே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பது என் தொழில். இருபது வருஷமாக மற்றவர்களின் பார்வையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்பிட்டியவில் எங்களுக்குக் கீழ்வீட்டுக்காரர் இராணுவத்தில் கோப்ரல். லீவில் வந்தவர் ஒரு செவ்வாய்க்கிழமை மனைவியோடு கடைக்கு வந்தார். வலது புருவத்தின் மேல் பிறை போல ஒரு வெட்டு. சுற்றிலும் மஞ்சளாகக் கன்றியிருந்தது.

அவருடைய அணிக்குத் தொலைநோக்கி பூட்டிய புதுத் துப்பாக்கி வந்திருந்ததாம். ஒன்பது பேருக்கு ஒன்றே ஒன்று. தூரத்துக் குறிகளைச் சுட அவரைத் தெரிவு செய்திருந்தார்கள். பழைய துப்பாக்கியில் முகத்தை முன்னே ஒட்டிச் சுட்ட பழக்கம் அவரை விடவில்லை. முதல் வெடியிலேயே பின்னால் உதைத்த தொலைநோக்கி புருவத்தைக் கிழித்தது. அதிலிருந்து குண்டெல்லாம் குறிக்குக் கீழேதான். அதற்கென்று வரும் தோட்டாவோ கொஞ்சம். ஆசை தீரப் பழக வழியில்லை. வெள்ளிக்கிழமை மறு பரீட்சை. தவறினால் துப்பாக்கி இன்னொருவர் கைக்குப் போய்விடும்.

"கண்ணுலதான் என்னமோ ஈக்குது அண்ணே. ஒரு கண்ணாடி போட்டுத் தாங்க."

பார்த்தேன். கடைசி வரிப் பொடி எழுத்தையும் தடுமாறாமல் வாசித்தார். ஆனால் அவர் மூக்கில் மாட்டிய சோதனைச் சட்டத்தில் நான் கண்ணாடி வில்லையை இறக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு முன்பே, என் விரல் நெருங்கும்போதே, அவர் இமை இறங்கியது. மறுபடி இறக்கினேன். மறுபடியும் அப்படியே.

அவர் மனைவி சிரித்தார். "வீட்டுலயும் இப்பிடித்தான். குக்கர் விசிலடிக்கப் போகுது எண்டாலே கண்ண மூடிக்கிறாரு. இவர நம்பித்தான் நாடே ஈக்குது."

அவரும் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நின்றுபோனது.

கண்ணில் ஒரு குறையும் இல்லை, சத்தத்துக்கு முந்தியே மூடிக்கொள்கிறீர்கள் என்றேன். நல்ல செய்திதான், ஆனால் அவருக்கு இடி விழுந்தது போலிருந்தது. கண்ணாடியை வாங்கிவிடலாம். பயத்துக்குப் பவர் எழுத என்னிடம் சீட்டு இல்லை.

"இத அங்க எப்பிடிச் செல்லுற? பயந்தாங்கொள்ளி எண்டுதானே நெனப்பாங்க."

"அடிபட்ட கண்ணு தன்னக் காப்பாத்திக்கிது. இதுல என்னங்க வெக்கம்? இருக்கிறத அப்படியே சொல்லுங்க."

சனிக்கிழமை, முகாமிலிருந்து மறுபடி வந்ததும், படியேறி வந்து அவரே சொன்னார். பயிற்றுநரிடம் சொல்லிவிட்டாராம். அந்த மனிதர் சிரிக்கவில்லை. நல்ல தோட்டாக்களுக்கு நடுவே, சொல்லாமல், வெடிக்காத வெறுந்தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தாராம். விசையை அழுத்தினால் வெடி இல்லை. வெடியை எதிர்பார்த்து அவர் கை அழுத்தியதில் துப்பாக்கியின் மூக்கு மட்டும் கீழே குத்தியது. அதை அவரே பார்த்தார். பரீட்சையில் தவறித்தான் போனார். ஆனாலும் துப்பாக்கியைப் பறிக்கவில்லை, ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். பழகுவதற்கு வெறுந்தோட்டாவுக்குத் தட்டுப்பாடு இல்லையாம்.

இப்போது அவர் லீவில் வரும் நாட்களில், கீழ்வீட்டுக் குக்கர் சீறத் தொடங்கியதும், "கண்ணத் தொறந்து வெச்சிட்டு ஈங்க" என்று மனைவி அதட்டுவது கேட்கிறது. மேலே, தேத்தண்ணிக் கோப்பையோடு, நானும் இமைக்காமல் காத்திருக்கிறேன்.