இரண்டு இடது கைகள் மடித்த கொக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை போனில் ஸ்டெல்லாவின் பெயரைப் பார்த்ததும் எடுத்து, எதிர்முனைக்கு இடமே கொடுக்காமல் திட்ட ஆரம்பித்தேன். "ஏண்டி, நேத்திக்கு கலர் பேப்பர் எல்லாத்தையும் உன் பையில போட்டுண்டு போயிட்டியே, நான் இங்க எதை வச்சுண்டு மடிக்கறது?" பதிலுக்கு வந்தது ஓர் ஆண் குரல். "எக்கா, நான் தாசனாக்கும். ஸ்டெல்லா போயிட்டா."

சர்ச்சுக்குக் கிளம்பிக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாளாம். அவள் கணவர் தாசன் தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "பொய் சொல்லாதேள்!" என்று நான் போட்ட சத்தத்தில் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவே எட்டிப் பார்த்தது. செத்துப்போனவளையா நான் அவ்வளவு நேரம் திட்டினேன்? இதை எழுதும்போதும் அதையேதான் கேட்டுக்கொள்கிறேன்.

ஆபீசில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், ஸ்டெல்லா தலைவலி என்றுகூட ஒருநாள் லீவு போட்டதில்லை. பாறசாலையிலிருந்து ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்தே ஆபீசுக்கு வருவாள். மருந்து டப்பாவும் கையுமாகத் திரிகிறவள் நான்தான். பக்கவாதம் வந்து, வலது கை விளங்காமல், லீவில் வீட்டில் கிடந்தவளும் நான்தான். என்னை விட்டுவிட்டு அவளைக் கொண்டுபோவது என்ன நியாயம்? யாராவது சொல்லுங்கள்.

விரல்கள் மடங்கிக் கை மூட வந்தால்தான் மறுபடி வேலைக்குப் போக முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காக ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். எரிச்சலில் அதை அலமாரிக்கு அடியில் வீசிவிட்டேன். என்னைப் பார்க்க வந்த ஸ்டெல்லா குனிந்து அதை எடுத்தாள். "பந்து பிடிக்கல்லேன்னா செய்யாண்டாம் எக்கா. கிழக்கேகோட்டை பக்கம் லைப்ரரியில சனியாழ்ச்ச பேப்பர் மடக்கப் படிப்பிக்கினும். ஒரிகாமியாம். வாருங்க, போவோம். சர்க்கார் ஆபீசில இருந்துட்டு நம்ம வேற என்னத்த செய்தோம்?" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

முதல் வகுப்பில் எங்களைத் தவிர எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். சொல்லிக்கொடுக்க வந்தவள் ஒரு காலேஜ் பெண். ஆளுக்கு ஒரு சதுர நீலக் காகிதம் கொடுத்துவிட்டு அவள் திரும்புவதற்குள், ஸ்டெல்லா இடதுபக்கம் கொஞ்சம் விட்டு நெடுக மடித்து நகத்தால் கீறிவிட்டாள். பார்த்தால், என் இடது கையும் அதையே செய்துவைத்திருக்கிறது! கைக்கு வந்த தாளில் முதலில் மார்ஜின் மடிப்பதுதானே நம் பிழைப்பு. "அம்மா, ஞான் இன்னும் தொடங்கல்லையே?" என்று அந்தப் பெண் முழித்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்கு மானம் போயிற்று. ஸ்டெல்லா அசரவில்லை. "மார்ஜின் விடல்லேன்னா மேலதிகாரி எங்க மோளே நோட்டு எழுதுவாரு?" என்று கேட்டாள்.

கொக்கு மடிக்கும் நாள் வந்தது. என் வலது கை மேஜைமேல் சும்மா கிடந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஸ்டெல்லா தன் வலது கையை முதுகுப் பக்கம் இடுப்பில் செருகிக்கொண்டாள். "இப்பம் எனக்கும் ஒரு கைதான். ஒங்க எடத்து கையும் எனக்க எடத்து கையும் கூடினா ரெண்டாச்சு. மடக்குங்க." இரண்டு இடது கைகளும் முட்டி மோதி, ஒன்று மடித்ததை மற்றொன்று பிரித்து, கடைசியில் ஏதோ ஒன்று வந்தது. கழுத்து கோணல், வால் இல்லை. "இதுவா கொக்கு?" என்றேன். "பட்டினி கெடந்த கொக்கு," என்றாள். மறுவாரம் முதல் என் வலது கையைத் தூக்கிக் காகிதத்தின்மேல் வைத்து, "இது அமத்திப் பிடிச்சா போதும்" என்பாள். கொஞ்ச நாளில் கட்டைவிரல் அசைந்தது. அவள் போட்ட கூச்சலில் லைப்ரரிக்காரர் ஓடிவந்தார்.

ஆனாலும் கை மூடவில்லை. ஒருநாள் எனக்குப் பொறுக்காமல், மடித்ததைக் கசக்கி எறிந்து, "போறும்டி, இனிமே நேக்கு வராது" என்று அழுதேன். அவள் அதை எடுத்து நீவினாள். "தப்பிப்போச்சுன்னா விரிச்சு மறுபடி மடக்கணும். பேப்பருக்கு நோவாது. ஒங்களுக்கும் நோவாது." மறுபடி மடித்தேன்.

பாறசாலை சர்ச்சுக் கல்லறையில் அவளைக் குழிக்குள் இறக்கினார்கள். போதகர் ஜெபம் முடித்ததும் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டார்கள். தாசனுக்கு நினைவு நினைவாக இல்லை. மண்ணை அள்ளி என் வலது கையில் வைத்துவிட்டார். சிந்திவிடுமே என்று பதறினேன். சிந்தவில்லை. விரல்கள் மடங்கின. கை மூடிக்கொண்டது. "ஸ்டெல்லா, இங்க பாருடி!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மண்ணைப் போட வேண்டும், கையைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. தாசன்தான் ஒவ்வொரு விரலாக விலக்கிவிட்டார்.

அவளிடமிருந்து எனக்கு மிச்சம் இந்தக் கைதான். இன்று காலை காபி டம்ளரை இந்தக் கையால் பிடித்தேன். சூடு தெரிந்தது. அவளிடம் சொல்லப் போனை எடுத்துவிட்டேன்.