ரெக்ஸும் லயத்து நாய்களும்

லயத்து நாய்கள் பதினொன்றில் ஒன்றுக்கும் வெறி இல்லை. வெறி இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

அந்தக் கையெழுத்தால் நாய்கள் சுடப்பட்டன. நாய்கள் இல்லாமற்போனதால் ஒரு பெண்ணின் கால் வீணாயிற்று. நடந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் விளக்கம்... விளக்கம் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

எழுபதுகளில், காந்தலூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தேன். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் புண்ணைக் கழுவிக் கட்டுவது, மாத்திரை கொடுப்பது, ஊசி போடுவது எல்லாம் என் பொறுப்பு. தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளை லயம் என்போம். லயத்து ஜனங்கள் என்னை டாக்டரய்யா என்றே கூப்பிட்டார்கள். நான் ஒருநாளும் திருத்தவில்லை. என் யோக்கியதையை அதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்!

இன்னொரு பொறுப்பும் இருந்தது. அது ரெக்ஸ்.

ரெக்ஸ் தொரையின் அல்சேஷன் நாய். எங்கள் மானேஜரைத்தான் தொரை என்கிறேன். வெள்ளைக்காரர் போய் மலையாளத்துக்காரர் வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. ரெக்ஸுக்குக் காலையில் முட்டையும் பாலும், மாலையில் ஆட்டிறைச்சி. வெறிநாய்த் தடுப்பூசி வருடம் தவறாமல் நான் போடுவேன். தொழிலாளியின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தால், நான் ரெக்ஸின் காதைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் போவேன். இதையும் எழுதிவிடுகிறேன்... ஒன்றை ஒளித்தால் மற்றதை எழுதிப் பயனில்லை.

ஒருநாள் தொரை என்னைக் கூப்பிட்டு, லயத்து நாய்களைப் பார்த்து ஓர் அறிக்கை எழுதச் சொன்னார். அவற்றை ஒழித்துக்கட்ட அவருக்கு ஆசை. தொழிலாளர்கள் சம்மதிக்கவில்லை. ஆகவே காகிதம் வேண்டியிருந்தது. தெருநாய்க்கு எத்தனை நோய், ஊசி போட்டு வளர்க்கும் நாய் எவ்வளவு ஆரோக்கியம் என்று ஒப்பிட்டு எழுத வேண்டும். வழக்கம்போல் தலையாட்டினேன்.

நோட்டுப் புத்தகத்தோடு லயத்துக்குப் போனேன். பதினொரு நாய்கள். பல்லைப் பார்த்தேன், ரோமத்தை விலக்கிப் பார்த்தேன், ஓடவிட்டுப் பார்த்தேன். ஒன்றுக்குக் காட்டுப்பன்றி கிழித்த வடு, ஒன்று நொண்டி. மற்றபடி... பல் வெள்ளை, கண் தெளிவு, தசை இறுக்கம். உடம்பில் உண்ணி இல்லை!

ரெக்ஸுக்கோ காது மடல் முழுக்க உண்ணி. மேட்டில் நாலு எட்டு வைத்தால் மூச்சிரைப்பு. வாரத்தில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. இத்தனைக்கும் அது என் கையால் வளர்ந்த நாய்.

நியாயமாகச் சொன்னால், லயத்தில் பிறக்கும் குட்டிகளில் பாதி மழைக்காலம் தாண்டாது. நான் கண்டது பிழைத்து நின்றவற்றை மட்டும். செத்தவை என் நோட்டில் வரவில்லை. ஆனால் இப்படியெல்லாம் யோசிக்கும் அறிவு அன்று எனக்கு இல்லை. எனக்கு அவமானம்தான் வந்தது.

"இதுகளுக்கு எப்படி உண்ணி இல்ல?" என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். கொழுந்து பறிப்பவள், நாற்பது வயதிருக்கும். மதியச் சோற்றில் ஒரு பங்கைக் கருப்பன் என்ற நாய்க்கு வைப்பாள்.

"பேக்டரிக்குப் பின்னால சாம்பக்குழி கெடக்குல்லாய்யா, அதுல நாளைக்கு நாலு தரம் பொரளுதுக. பொறவு உண்ணி எப்படி ஒட்டும்?"

தேயிலை உலர்த்தும் அடுப்பின் விறகுச் சாம்பல்! வைத்தியம் அங்கே இலவசமாகக் குவிந்து கிடந்தது. பங்களா நாயைச் சாம்பலில் புரட்டுவதா? என் படிப்பு என்ன ஆவது? சிரித்துவிட்டு வந்தேன்.

அந்தக் கருப்பனுக்கு ஒரு வேலை இருந்தது. பனி மூடிய காலைகளில் பெண்கள் தேயிலைக் காட்டில் இறங்குமுன் அவன் தேயிலை நிரைகளுக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றி வருவான். செடி மறைவில் காட்டெருமை படுத்திருந்தால் குரைப்பான். அவன் வாலாட்டிக்கொண்டு திரும்பி வந்தபிறகுதான் பெண்கள் கூடையை மாட்டுவார்கள். வேலை வாங்கும் கங்காணி எவ்வளவு கத்தினாலும் அதற்கு முன்னால் ஒருத்தி நகரமாட்டாள். நோட்டில் இதையும் எழுதியிருந்தேன்.

அந்தப் பக்கத்தை அப்படியே தொரையிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தேனா? உங்கள் நாயைவிடத் தெருநாய் ஆரோக்கியம் என்று எப்படிச் சொல்வது? அதன் பொருள், உங்கள் டிரஸ்ஸர் உதவாக்கரை என்பதல்லவா! முதலில் ரெக்ஸைத் தேற்றிவிடலாம், பிறகு அறிக்கை கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

உண்ணி மருந்து கீழே டவுனிலிருந்து வரவேண்டும். மண் சரிந்து பாதை அடைத்திருந்தது. பொறுக்க முடியவில்லை எனக்கு. ஸ்டோரில் தேயிலைப் பூச்சிக்கு அடிக்கிற வெள்ளைப் பொடி இருந்தது. பூச்சியைக் கொல்லும் பொடி உண்ணியைக் கொல்லாதா? வெந்நீரில் கெட்டியாகக் கலந்து ரெக்ஸின் உடம்பெல்லாம் தேய்த்தேன். குளிர் என்று அலசாமல் விட்டுக் கூண்டில் அடைத்தேன். அது தன் உடம்பைத் தானே நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

மறுநாள் காலையில் ரெக்ஸின் வாயில் நுரை வழிந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. காற்றைக் கடித்தது. கூண்டுக் கம்பியைக் கடித்தது.

தொரை வெளிறிப்போய் நின்றார். "டிரஸ்ஸர்... இது பேப்பட்டி விஷம்தானா?"

பேப்பட்டி என்றால் மலையாளத்தில் வெறிநாய். அவரேதான் எனக்கு வழி காட்டினார் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். வழி அவர் காட்டியிருக்கலாம், நடந்தவன் நான்.

"ஆமாம் சார். லயத்து நாய் எதுவோ வேலிக்குள் வந்து கடித்திருக்க வேண்டும். சில சமயம் தடுப்பூசியையும் மீறிவிடும்" என்றேன்.

அன்று மாலையே ரெக்ஸ் செத்தது. தலையை வெறிச் சோதனைக்கு அனுப்பலாமா என்று தொரை கேட்டார். பாதை அடைத்திருக்கிறது, போய்ச் சேருமுன் அழுகிவிடும் என்றேன். நானே குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினேன். நோட்டின் பழைய பக்கத்தைக் கிழித்தேன். புதிய பக்கத்தில், லயத்து நாய்கள் நோயுற்றவை என்றும், வெறிக்கான அறிகுறிகள் தென்படுகின்றன என்றும் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

பொய்க்கு மேல் பொய் வேண்டியிருந்தது. ரெக்ஸின் எச்சில் பட்டவர்கள் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவாயிற்று. பாதை திறந்து மருந்து வந்ததும் பங்களாச் சமையல்காரருக்கு என் கையாலேயே போட்டேன். ஒவ்வொரு ஊசிக்கும் அந்த மனிதர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் போட்டுக்கொண்டேன், இல்லாத நோய்க்கு! வயிறு வீங்கிக் கிடந்தபோது, இதுவே தண்டனை, கழிந்துவிட்டது என்று நினைத்தேன். எவ்வளவு மலிவாக முடித்துக்கொள்ளப் பார்த்தேன், பாருங்கள்.

வெறி என்றதும் தொழிலாளர்கள் வாய் திறக்கவில்லை. யாருக்குத்தான் பிள்ளைகள் இல்லை? ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தோட்டத்துக் காவல்காரர் துப்பாக்கியோடு வந்தார். பத்து நாய்கள் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. கருப்பன் மட்டும் தேயிலைக்குள் ஓடிவிட்டான். யார் விசிலடித்தும் வரவில்லை.

அவனைக் கூப்பிடும்படி பேச்சியம்மாளிடம் சொன்னார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமா நோவுதானாய்யா?"

"ஆமா பேச்சி. புள்ளைகளக் கடிச்சா அவ்வளவுதான்."

அவள் தூக்குச்சட்டியைத் தட்டி, "வா சாமி, வா" என்றாள். கருப்பன் வாலாட்டிக்கொண்டு வந்தான். சாம்பக்குழிப் பக்கம் அவளே சேலைக் கிழிசலால் கட்டிக் காவல்காரர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்த வேட்டுச் சத்தத்தில் அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பனிக்காலம். காட்டைச் சுற்றிவர நாய் இல்லை. கங்காணி விரட்ட, பெண்கள் இறங்கினார்கள். பேச்சியம்மாள் முன்னால் போயிருக்கிறாள். படுத்திருந்த காட்டெருமை எழுந்து ஒரே முட்டு. தொடையிலிருந்து முட்டி வரை கிழிந்துவிட்டது.

டவுன் ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். பிறகு மாதக்கணக்கில் கட்டு மாற்றியவன் நான். கால் மடங்கவேயில்லை. மேட்டில் ஏற முடியாதவளுக்குக் கொழுந்து வேலை ஏது? பிள்ளைகளைத் தூங்கவைக்கும் கொட்டகையில் போட்டார்கள்.

கட்டு மாற்றும்போது ஒருநாள் அவளாகவே சொன்னாள்: "கருப்பன் இருந்தாக் கொலச்சிருப்பாம்லா. ஆனா நோவு வந்த நாயி, என்ன செய்ய? நீங்க மட்டும் கண்டு சொல்லலேன்னா புள்ளைகளயில்லா கடிச்சிருக்கும். நீங்க நல்லா இருக்கணும்யா."

புதுப் பஞ்சு எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? வேலை போய்விடும் என்ற பயம். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சின்னக் காரணங்கள்தாம். பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று நானே தேடிப் பார்த்திருக்கிறேன்... இல்லை.

சில வருடம் கழித்து வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. பெட்டி கட்டும்போது பேச்சியம்மாள் காலை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியேறி வந்தாள்.

"ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டியளே?"

"கேளு."

"அன்னைக்குக் காலம்பற அவன் எங்கையில சோறு தின்னான்யா. தண்ணியும் குடிச்சான். வெறிபிடிச்ச நாயி தண்ணி குடிக்காதுன்னுல்லா சொல்லுதாக. இத்தன நாளா அதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. நாந்தானய்யா கூப்பிட்டுக் குடுத்தேன்... அவனுக்கு மெய்யாவே வெறிதானா?"

அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. எனக்கு வேறு தோட்டத்தில் வேலை உறுதியாகியிருந்தது. இழக்க ஒன்றுமில்லை.

"வெறிதான் பேச்சி" என்றேன். "ஆரம்பத்துல தண்ணி குடிக்கும்."

"அப்பன்னாச் சரிய்யா" என்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அவள் மனம் நோகக்கூடாது என்று அப்படிச் சொன்னதாக வெகுகாலம் நம்பினேன். உண்மை அதுவல்ல. அந்தக் கண்ணுக்கு முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. இரக்கம் என்பது பிறகு நான் வைத்த பெயர்.

முதல் பொய் பதறிச் சொன்னது. கடைசிப் பொய்யை நிதானமாக, யோசித்து, ஒரு வைத்தியக் காரணத்தோடு சொன்னேன்.

பேச்சியம்மாள் இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறாள் என்று கேள்வி. என் வீட்டுக்குப் பக்கத்திலிருந்தே மலைக்குப் பஸ் புறப்படுகிறது. உங்களிடம் இத்தனையும் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்ல அந்தப் பஸ்ஸில் நான் இன்னும் ஏறவில்லை.