செல்வாவுக்காகப் போன கூட்டம்

இங்கே ஆட்கள் சட்டென்று வீட்டுக்குள் வருவதில்லை. வேலிப் படலையடியில், வாசல் கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுவார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிப் பக்கம் விசுவமடுவுக்கு வந்து என் தலையும் நரைத்துவிட்டது, இன்னும் அது எனக்குப் புதுசுதான். தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்றால் பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரியும். யாராவது காதைத் திருகிக் கூட்டி வருவார்கள். இங்கே ஆளுக்கொரு வளவு, சுற்றி வேலி. என் தம்பி மகன் செல்வா பாதி நாள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு புறப்பட்டுப் போய் மதகடியில் வேலைவெட்டி இல்லாத பொடியன்களோடு நின்றது எனக்கு எப்படித் தெரியும்? தகப்பன் இல்லை. தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். நான்தான் வளர்க்கிறேன்.

படலைக்கு வந்து சொன்னவர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆலோசனை கொடுக்கும் டீச்சர்.

"அவன் கெட்டவன் இல்லை அம்மா. முந்தி வகுப்பிலை பகிடி விட்டுக்கொண்டிருந்தவன், இப்ப ஆரோடையும் கதைக்கிறேல்லை. நேற்று ஒருத்தன்ரை சட்டையைப் பிடிச்சிட்டான். இப்பவே கவனிச்சமெண்டா ஓ லெவல் எழுதுவான். விட்டா அந்தப் பொடியளோட போயிடுவான். நாளைக்கு அதிபரிட்டை வாங்கோ."

தோட்டத்தில் ஆபீசுக்குக் கூப்பிட்டால் யாரும் தனியாகப் போகமாட்டோம். தனி ஆள் பேச்சு எடுபடாது. லயமே கூட வரும். அந்தப் பழக்கத்தில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மலையாட்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். அதிபர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"என்னம்மா, ஆர்ப்பாட்டமோ?"

"இல்லீங்க ஐயா, புள்ளைக்காக வந்திருக்கோம்."

"இவ்வளவு பேருமோ? இவை அவனுக்கு என்ன முறை?"

 எங்களோடு வந்த மேசன் முருகையாதான் பின்னாலிருந்து, "முறை கெடக்குதுங்க. காலையில நான் சைக்கிள்ல கொண்டாந்து விடுறேன். சாயங்காலம் ஆளுக்கொரு நாள் பாத்துக்குறோம்," என்றார்.

டீச்சர் சிரித்துவிட்டார். "சேர், நான் ஒராள் வந்தாலே காணுமெண்டு நினைச்சனான்."

செல்வாவைக் கூப்பிட்டார்கள். வாசலில் எங்களைக் கண்டதும் முகம் கறுத்தது.

"இத்தன பேரையுமா கூட்டியாந்தீங்க அத்தை? மானம் போச்சு."

"மானம் போனா போவட்டும்டா, நீ போவாத," என்றார் முருகையா.

அவன் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

"நாளைக்கு வருவியோ?" என்று டீச்சர் கேட்டார்.

"ஓம் மிஸ், வாறன்."

பிறகு என் பக்கம் திரும்பினான். "நீங்க வூட்டுக்குப் போங்க அத்தை, நான் வந்துர்றேன்."

டீச்சருக்கு இந்த ஊர்ப் பேச்சிலும் எனக்கு மலைப் பேச்சிலும் சொல்லிவிட்டு, வகுப்பைப் பார்த்து நடந்தான்.